ஜப்பானின் தாரோ ஊரைச் சுனாமி மூன்று முறை அழித்தும் மக்கள் ஏன் அங்கேயே வாழ்கிறார்கள்? 10 மீட்டர் சுவரை நம்பியது முட்டாள்தனம் இல்லையா?

கேள்வியின் இரண்டாவது பாதி சுட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரிகிறது. சுவரைத் தாண்டிக் கறுப்புத் தண்ணீர் கொட்டுகிற காணொளி எதையாவது பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது. 2004 டிசம்பருக்கு முன்னால் சுனாமி என்ற சொல்லே நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, கேட்பதில் தப்பில்லை. ஆனால் 'முட்டாள்தனம்' என்பதை அந்த ஊர்க்காரர் ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? நான் ஏறக்குறைய சொன்னவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவாத்தே மாகாணத்தில் மியாகோ என்ற கடலோர நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். கனெக்டர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மோல்டு பிரிவில் வேலை. தாரோ அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். 2005-ல் அந்த ஊரை மியாகோவோடு சேர்த்துவிட்டார்கள். நான் பேரிடர் நிபுணன் இல்லை. 'ஜப்பானில் இருந்துவிட்டு ஜப்பான் புகழ் பாடுகிறான்' என்று பின்னூட்டம் போடத் தயாராக இருப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுப் போடுங்கள். அங்கே எனக்குக் கசந்த விஷயங்களும் உண்டு.

ஒன்றை இப்போதே சொல்கிறேன். போன புதிதில் வீடு தேடியபோது நான்கு இடத்தில் 'வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பளச் சீட்டு, கம்பெனிக் கடிதம் எல்லாம் கையில் இருந்தது. வீட்டுத் தரகர் என் எதிரிலேயே போன் போட்டு, 'இந்தியர், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்' என்று என்னவோ என் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லுவார். கடைசியில் கிடைத்த அறைக்கு, திரும்பி வராத 'நன்றிப் பணம்' என்று ஒரு மாத வாடகை தனியாகக் கேட்டார்கள். நன்றி யாருக்கு, எதற்கு? இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதையும் கேட்காமல் எனக்கு வீடு கொடுத்தது ஒரு பாட்டி. அவர் தாரோக்காரர்.

1940-ல் தாரோவில் பிறந்தவர். 2011 சுனாமியில் வீடு போனது. தற்காலிகக் குடியிருப்பில் சில வருடம் இருந்துவிட்டு, மியாகோவில் தம்பி விட்டுப்போன இரண்டடுக்கு வீட்டுக்கு வந்தார். கீழே அவர், மேலே நான். முதல் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் சமையலறைக்குக் கூப்பிட்டார். தாரோவிலிருந்து புதிதாக வக்காமே வந்திருந்தது. வக்காமே என்பது அங்கே விரிகுடாவில் கயிறு கட்டி வளர்க்கிற கடற்பாசி. பழுப்பு நிறத்தில், வழவழவென்று, என் கை நீளத்துக்கு இருந்தது. கொதிக்கிற நீரில் போட்டார். கண் இமைக்கும் நேரத்தில் பச்சை! முளைக்கீரைப் பச்சைகூட இல்லை, மழை முடிந்த மறுநாள் வாழையிலைப் பச்சை. நான் அசந்து நிற்கும்போதே வாய் தவறிக் கேட்டேன்: "இத்தனை தடவை அடித்த பிறகும் ஏன் பாட்டி அங்கேயே இருந்தீர்கள்?"

அவர் கோபிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்தார். பதில் எனக்குப் பல மாதம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது.

அந்தக் கரைக்கு சான்ரிக்கு என்று பெயர். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி சமநிலம். ஊர் என்றால் அங்கேதான் இருக்க முடியும். வெளியே கடலில் குளிர்ந்த நீரோட்டமும் வெப்ப நீரோட்டமும் சந்திக்கின்றன, அதனால் மீனுக்குப் பஞ்சமே இல்லை. அபலோன் என்ற விலை உயர்ந்த கடல் நத்தையை எடுப்பதற்கு என்று சில காலைகளை மட்டும் குறித்துத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு விடியும்முன் சின்னப் படகுகள் எல்லாம் போய்விடும். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியை நீரில் அழுத்திக் கீழே பார்த்துக்கொண்டே, நீளக் கழியின் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இந்த உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியது. ஊரைவிட்டுப் போனால் கடலும் போய்விடும். 'வேறு ஊருக்குப் போகலாமே' என்று நாம் சொல்வது, விவசாயியிடம் நிலத்தை விட்டுவிட்டு வா என்பது போல.

இனி அந்தச் சுவர். 1896 ஜூன் 15, பழைய நாட்காட்டிப்படி ஆண் குழந்தைகள் திருவிழா. இரவு ஏழரை மணி வாக்கில் நிலம் லேசாகத்தான் ஆடியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் அலை வந்தது. அந்தக் கரை முழுவதும் ஏறக்குறைய 22,000 பேர் போனார்கள். தாரோவில் மட்டும் 1,850-க்கும் மேல். அடுத்தது 1933 மார்ச் 3, அதிகாலை இரண்டரை மணி. குளிர்காலத்தில், வானம் தெளிந்திருந்தால் சுனாமி வராது என்று ஒரு நம்பிக்கை இருந்ததால், நிலம் ஆடிய பிறகு மறுபடி படுத்தவர்கள் உண்டு. தாரோவில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். பாட்டியின் அம்மா அன்று சிறுமி. பனியில் வெறுங்காலோடு மலையேறித் தப்பியவர். அவருடைய அம்மா தப்பவில்லை.

அதன்பிறகு அரசாங்கம் எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொன்னது. தாரோவில் ஏறக்குறைய 500 வீடுகள். அத்தனைக்கும் மேட்டில் சமநிலம் இல்லை. ஊர்த்தலைவர் செகிகுச்சி மாட்சுதாரோ சுவர் கட்டுவது என்று முடிவெடுத்தார். 1934-ல் ஆரம்பித்து, நடுவில் போர் வந்து நின்று, 1958-ல் முடிந்தது. 1,350 மீட்டர் நீளம். உச்சி கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் சுவரை மட்டும் கட்டவில்லை. தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு நேரே மலைக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் மனையின் மூலையை வெட்டிவிட்டார்கள், இருட்டில் ஓடும்போது எதிரில் வருபவர் தெரிய வேண்டும் என்று. வருடாவருடம் மார்ச் 3 அன்று ஓடிப் பழகினார்கள். சுவரின் வளைவும் அலையை நேருக்கு நேர் நிறுத்துவதற்கானது அல்ல. இரண்டு பக்கமும் உள்ள ஆறுகளை நோக்கித் திருப்பிவிடுவதற்கு. இப்படி யோசித்தவர்களை முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

பிழை பிறகு நடந்தது. 1960-ல் சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலை பசிபிக்கைத் தாண்டி வந்து ஜப்பானில் 142 பேரைக் கொண்டுபோனது. தாரோவுக்குப் பெரிய சேதமில்லை. உண்மையில் அலை சுவர்வரை வரவே இல்லை. ஆனால் சுவர் காப்பாற்றியது என்று பேர் பரவிவிட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். 1979-க்குள் கடல் பக்கமாக இன்னும் சுவர்கள் சேர்ந்து மொத்தம் 2,433 மீட்டர் ஆனது. பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் வீடுகள் வந்தன. அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் பாட்டியின் குரல் மாறும். அவருடைய வீடும் அங்கேதான் இருந்தது.

இப்போது என் கதை. 2022 ஜனவரி 16. முந்தின நாள் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்திருந்தது, 8,000 கிலோமீட்டருக்கு அப்பால். அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னால் கைபேசி அலறியது, தெரு ஒலிபெருக்கியும் அலறியது. நிலம் ஆடவே இல்லை. தொலைக்காட்சியைப் போட்டேன். இவாத்தே கரை சிவப்பாக இருந்தது, பக்கத்தில் '3 மீட்டர்'. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். நான் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: வீடு கரையிலிருந்து இவ்வளவு தூரம், நான் இருப்பது மாடி, மூன்று மீட்டர்தானே.

கதவு இடிபட்டது. பாட்டி. 81 வயதில், பனி உறைந்த வெளிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்திருக்கிறார். முதுகில் பை, தலையில் கம்பளித் தொப்பி.

"இன்னும் என்ன பண்ணுகிறாய்?"

"மூன்று மீட்டர்தான் போட்டிருக்கிறான் பாட்டி."

"அன்றைக்கும் மூன்று மீட்டர் என்றுதான் சொன்னார்கள். வா."

அவ்வளவுதான். சாக்ஸ்கூடப் போடாமல் ஷூவை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்து விடியும்வரை நடுங்கினோம். அங்கேதான் 2011-ஐ முழுதாகச் சொன்னார்.

2010 பிப்ரவரியில் மறுபடி சிலியிலிருந்து அலை வருகிறது, 3 மீட்டர் என்றார்கள். வந்தது அதிகபட்சம் 1.2 மீட்டர். 2011 மார்ச் 9-ம் தேதியும் ஒரு நிலநடுக்கம், சின்ன அலை. இரண்டே நாளில், மார்ச் 11 பிற்பகல் 2:46-க்குப் பெரியது. முதலில் வந்த எச்சரிக்கை இவாத்தேவுக்கு 3 மீட்டர். ஊரில் மின்சாரம் போய்விட்டது. 3:14-க்கு அதை 6 மீட்டர் என்று உயர்த்தினார்கள்; எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? 3:25 வாக்கில் அலை சுவரைத் தாண்டிவிட்டது. 16 மீட்டருக்கும் மேல். சுவருக்கு உள்ளே நிற்பவருக்குக் கடல் தெரியாது என்பதை நீங்கள் அங்கே போய் நின்றால்தான் உணர முடியும். பாட்டி மலைக்கு ஓடினார். பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய நாத்தனார், 'மூன்று மீட்டர்தானே, சுவர் பத்து மீட்டர்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடல் பக்கத்துப் புதிய சுவரில் 500 மீட்டர் அளவுக்கு உடைந்து போனது. பழைய சுவர் உடையவில்லை, தண்ணீர் அதன் மேலேறி வந்தது. தாரோவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 180 பேருக்கு மேல். முதல் முறை 1,850, பிறகு 900, பிறகு 180. எண்ணிக்கையைக் காட்டி ஆறுதல் சொல்லவில்லை, நாத்தனாரை இழந்தவரிடம் அப்படிப் பேச முடியாது. ஆனால் மீதிப் பேர் தப்பியது எதனால் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மலைக்குப் போகும் அந்தத் தெருக்களால். மார்ச் 3 ஓட்டத்தால்.

மறுபடி 2022-க்கு வருகிறேன். அந்த ஞாயிறு காலை 11 மணிக்கு மேல்தான் எச்சரிக்கையைக் குறைத்தார்கள். வடக்கே குஜி துறைமுகத்தில் பதிவானது 1.1 மீட்டர். பள்ளியிலிருந்து இறங்கும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். அந்தக் கரையில் 'சுனாமி தெந்தென்கோ' என்ற வழக்கு உண்டு: அலை என்றால் அவரவர் தனித்தனியாக ஓடு, யாருக்காகவும் நிற்காதே. 1990-ல் தாரோவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அந்தச் சொல் வெளியுலகத்துக்குப் பரவியது. "அப்படியென்றால் எனக்காக ஏன் படி ஏறினீர்கள்?"

"ஒரு நிமிடம் ஒதுக்கினேன். நீ திறக்காவிட்டால் போயிருப்பேன்" என்றார்.

அவர் சொன்ன தொனியில் கொஞ்சமும் கடுமை இல்லை. அன்றிலிருந்து என் கட்டிலுக்குக் கீழே சாக்ஸ் செருகிய ஷூ ஒரு ஜோடி இருக்கிறது. இப்போது இருக்கும் ஊரில் கடல் இல்லை. இருந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு திருத்தம்: 'அங்கேயே வாழ்கிறார்கள்' என்பதும் இப்போது பாதிதான் சரி. மலையை வெட்டிச் சமன்படுத்தி, சான்னோ என்ற மேட்டுக் குடியிருப்புக்குப் பலர் 2015 முதலே போய்விட்டார்கள். பழைய நடுப்பகுதியில் வீடு கட்ட அனுமதியில்லை. பேஸ்பால் மைதானம் இருக்கிறது. கடலோரத்தில் 14.7 மீட்டரில் புதுச் சுவர் நிற்கிறது. அது தேவையில்லை என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவர் நேரம் வாங்கிக் கொடுக்கும். பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் எண்ணே போடாமல் 'மிகப் பெரியது' என்று மட்டும் அறிவிக்கும் முறையை 2013-ல் கொண்டுவந்துவிட்டார்கள்.

நேரில் போகிற எண்ணம் இருந்தால் சான்ரிக்கு ரயிலில் ஷின்-தாரோ நிலையத்தில் இறங்குங்கள். வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் சுவர் மேல் ஏற்றிக் காட்டுவார்கள். மீன்துறைக்குப் பக்கத்தில் மூன்று அலைகளின் உயரமும் குறித்திருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு தாரோ கான்கோ ஹோட்டல். கீழ் இரண்டு தளமும் வெறும் இரும்புத் தூண்கள். ஆறாவது மாடியில், உரிமையாளர் அன்று அங்கிருந்தே எடுத்த காணொளியை அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக் காட்டுவார்கள். அதை அவர் வெளியே பரவ விடவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள்.