மகன் மாத்திரைக்குப் பழகிவிட்டான், வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் கோவையில் பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் முழுக்கைச் சட்டையை மாற்றவே இல்லை. துணி துவைக்க எடுத்தபோது அவன் பையில் வலி மாத்திரை அட்டையும் ஊசியும் இருந்தன. கேட்டதும் அழுதுவிட்டான். ஒரு வருடமாகப் பழக்கமாம். “இனி வாசலை மிதிக்காதே, ஃபீஸும் கட்டமாட்டேன்” என்கிறார் அவன் அப்பா. அவருக்குத் தெரியாமல் நான் ஜிபேயில் பணம் போட்டுவருகிறேன். ஒரு போதை மீட்பு மையத்தில் சொன்னால் வண்டியில் வந்து தூக்கிப்போய்விடுவார்கள் என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மா, அவன் அழுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. “நண்பனுடையது” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செய்யவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று இன்னும் நினைக்கிறான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டேபென்டடால் போன்ற மாத்திரையாக இருக்கலாம். கடும் வலிக்கு டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே தரவேண்டிய மருந்து. வாயில் போடவேண்டியதைக் கரைத்து நரம்பில் ஏற்றினால், அதில் கலந்திருக்கும் மாவுப்பொருளும் ரத்தக்குழாய்க்குள் போய் அடைக்கும். கை வீங்கும், சீழ் வைக்கும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டும் பரவலாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.

தயவுசெய்து அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மாத்திரை நின்ற ஒன்றிரண்டு நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வந்துகொண்டே இருக்கும், உடம்பு முறித்துப்போடும், வயிறு போகும், கண்ணை மூட முடியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். அந்த நேரத்தில் கெஞ்சுவான், கத்துவான், நீங்களே பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். மனநல மருத்துவரிடம் இதற்கு மருந்து இருக்கிறது. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ கோவை அரசு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போகுமுன் யாரிடமாவது பேசவேண்டுமானால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

வண்டியில் தூக்கிப்போகும் யோசனை வேண்டவே வேண்டாம். இந்த வேலையில் இருக்கிறவள் என்ற முறையில், அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இல்லாத, டாக்டர் வந்து பார்க்காத இடத்தில் அடியும் அவமானமும் பட்டுத் திரும்பும் பையன் அப்புறம் உங்களிடம் வாயே திறக்கமாட்டான். ஆபத்தும் உண்டு: சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த ஆத்திரத்தில் முன்பு போட்ட அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம்.

சரி, பணம். ஜிபேயை நிறுத்துங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். ஃபீஸை நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள், மெஸ் பணத்தை மெஸ்ஸுக்கே கட்டுங்கள். இதை அவன் அப்பாவும் நீங்களும் சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்தே அவனிடம் சொல்லவேண்டும். அப்பா விரட்ட, அம்மா ஒளித்துக் கொடுக்க, நடுவில் மாத்திரை வாங்கக் காசு வந்துகொண்டே இருக்கும். அவர் கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. “மகனை விடுங்கள், எனக்காக ஒருமுறை டாக்டரைப் பார்க்க வாருங்கள்” என்று கூப்பிட்டுப் பாருங்கள். மகன் இல்லாமலே நீங்கள் இருவரும் போகலாம். அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் குழுவினர் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையே வேண்டாமென்று இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். 1999-ல் வெளியான ஆய்வு அது. எப்போது பேசுவது, எதற்குப் பாராட்டுவது, எதற்கு விலகி நிற்பது என்பதுதான் பயிற்சி.

மகனிடம் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள், இரவில் ஃபோனில் வேண்டாம். “உடம்பு கெட்டுக்கிட்டிருக்கு கண்ணு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம், அப்பாவும் வர்றாரு” என்றால் போதும். பெரியப்பா மகனோடு ஒப்பிடுவதெல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

போலீஸ் பயம் இருந்தால்: 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்குச் சொந்த உபயோகம் தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை.

நடுவில் ஒருமுறை மறுபடியும் போட்டுவிடுவான், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அன்றைக்கும் டாக்டரிடமே கூட்டிப்போங்கள்.

கேள்வி: என் ரூம்மேட் ஊசி போடுகிறான். ஒரு ராத்திரி எழுப்ப எழுப்ப எழவில்லை. விடிந்தபின் சாதாரணமாகிவிட்டான். அவன் வீட்டில் சொன்னால் துரோகமா?
– விடுதி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் அவன் அக்காவோ மாமாவோ, யார் நிதானமாகக் கேட்பார்களோ அவரிடம் சொல்லுங்கள். “உனக்காகச் சொல்லப்போகிறேன்” என்று அவனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுபடி அப்படி ஆகி, மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு அடியுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். என்ன போட்டான் என்று ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லி, அட்டை கிடைத்தால் அதையும் கையில் கொடுங்கள். நாலோக்சோன் என்ற முறிமருந்து இருக்கிறது, எதற்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.