அவரும் காணாமல்தான் போனார், செய்தியில் ஏன் இல்லை?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் தனியே இருந்தவர். அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருந்தார். பதினொரு நாளாக ஆளைக் காணவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அவர்களின் இணையப் பக்கத்தில் நாலு வரி வந்தது, அதோடு சரி. அதே கிழமை காணாமல்போன வெள்ளைக்கார மாணவி ஒருத்தியைப் பற்றி எல்லாத் தொலைக்காட்சியிலும் மணிக்கொரு தரம் செய்தி. நிறம்தான் காரணமா? “ரீவிக்குப் போனால் கேஸ் பழுதாகிவிடும்” என்று சொந்தக்காரர் தடுக்கிறார்கள். நான் என்ன செய்ய?
— ஓர் அக்கா, ஸ்காபரோ

பதில்: சகோதரி, நிறமும் ஒரு காரணம்தான். அதை மழுப்பத் தேவையில்லை. 2004இல் நடந்த பத்திரிகையாளர் மாநாடொன்றில் அமெரிக்கக் கறுப்பின ஊடகவியலாளர் க்வென் ஐஃபில் இதற்கு ‘காணாமல்போன வெள்ளைப் பெண் நோய்’ என்று பெயரே வைத்துவிட்டார். கனடாவில் கிறிஸ்டன் கில்கிறிஸ்ட் 2010இல் வெளியிட்ட ஆய்வு, காணாமல்போன அல்லது கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்கள் மூவரையும் வெள்ளைப் பெண்கள் மூவரையும் பற்றி அவரவர் ஊர்ப் பத்திரிகைகள் எழுதியதை எண்ணிப் பார்த்தது. பழங்குடிப் பெண்களுக்குக் கிடைத்த செய்தி மூன்றரை மடங்கு குறைவு. வந்த செய்திகளும் கட்டையானவை. 2021 செப்டம்பரில் வெள்ளையினப் பயணி ஒருவரை வயோமிங் மாநிலத்தில் தேடியதை உலகமே பார்த்தது. அதே மாநிலத்தில் 2011 முதல் 2020 வரை 710 பழங்குடியினர் காணாமல்போனதாகப் பதிவாகியிருந்தது. பலர் திரும்பி வந்தார்கள்தான். ஆனால் அந்த 710 பேரில் எத்தனை பேருடைய முகத்தை நாம் பார்த்தோம்?

செய்தி அறையில் எவரும் “இவர் மண்ணிறத்தவர், போடாதே” என்று சொல்வதில்லை. சொன்னால் பிடித்துவிடலாம். காரியம் அதற்கு முன்பே, பொலிஸ் மேசையில் கெட்டுவிடுகிறது. ‘வளர்ந்த ஆள், தானாகப் போயிருப்பார்’ என்று ஒருவர் எழுதிக்கொண்டால் அறிக்கை நாலு வரியாகிறது. படமும் மங்கல். செய்தி ஆசிரியர் அந்த நாலு வரியை அப்படியே போடுவார், அல்லது விட்டுவிடுவார். மாணவியின் வீட்டிலோ ஆங்கிலத்தில் பேச ஆள் உண்டு, பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு அறிக்கை விடும், சிரித்த முகத்தோடு நல்ல படங்கள் பத்து இருக்கும். அவள் தங்கள் பிள்ளை மாதிரி இருப்பதும் ஆசிரியருக்குத் தெரியாமலே வேலை செய்கிறது.

ரொறன்ரோவில் இதற்குக் கொடுத்த விலை நம்மவர்களுக்குத் தெரியும். 2010 செப்டம்பரில் ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடும் ‘வில்லேஜ்’ பகுதியில் தமிழர் ஒருவர் காணாமல்போனார். புதிதாக வாங்கிய நாய்க்குட்டியை விட்டுவிட்டு அவர் போகவே மாட்டார் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவரோடு மேலும் இருவரை, இருவரும் ஆப்கானியர், தேடிய பொலிஸ் நடவடிக்கை 2014இல் மூடப்பட்டது. 2017 யூனில் வெள்ளையர் ஒருவர் காணாமல்போனார். அவருடைய நண்பர்கள் உடனே சுவரொட்டியோடு தெருவில் இறங்கினார்கள், ஊடகமும் வந்தது. இந்த நால்வரையும் கொன்ற புரூஸ் மக்கார்தர் 2018 ஜனவரியில்தான் கைதானான். மொத்தம் எட்டுக் கொலை, அதில் ஆறு பேர் தெற்காசிய, மத்தியகிழக்கு வம்சத்தவர். காணாமல்போனோரை ரொறன்ரோ பொலிஸார் தேடிய விதத்தை ஆராய்ந்து 2021இல் வந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டைனின் அறிக்கை, பொலிஸாரிடம் வேண்டுமென்றே செய்த பாகுபாட்டைக் காணவில்லை, முறைமைக்குள் ஊறிய பாகுபாட்டைக் கண்டது.

அந்த எட்டில் இன்னொரு தமிழரும் இருந்தார். 2010இல் ‘சன் சீ’ கப்பலில் வந்தவர், அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளித்திருக்கிறார் என்றே வீட்டார் நினைத்தார்கள். காணவில்லை என்று பொலிஸில் யாருமே சொல்லவில்லை. இறந்த முகத்தின் படத்தைப் பொலிஸார் வெளியிட்ட பிறகே ஆள் யாரென்று தெரிந்தது. பேசாமல் இருங்கள் என்று தடுக்கும் சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பொலிஸ், பிறகுதான் தொலைக்காட்சி. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேடல் எந்த நிலையில் நடக்கிறது என்று கேளுங்கள். ரொறன்ரோ பொலிஸார் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை வைத்திருக்கிறார்கள், மூன்றுதான் பெரிய தேடல். ‘தானாகப் போயிருப்பார்’ என்ற எண்ணத்தை உடைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு “நல்ல பிள்ளை, ஒரு பழக்கமும் இல்லை” என்பது உதவாது. மருந்து மாத்திரை மேசையில் கிடந்தது, போன் சார்ஜர் செருகியபடி இருந்தது, ஞாயிறு தவறாமல் அம்மாவுக்கு எடுக்கிறவர் இரண்டு ஞாயிறு எடுக்கவில்லை, சம்பளம் வாங்கப் போகவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். அந்த நாய்க்குட்டி மாதிரியான விபரங்கள்தான் வேண்டும்.

ஒன்ராறியோவில் 2019 யூலை 1 முதல் காணாமல்போனோர் சட்டம் நடைமுறையில் உள்ளது. குற்றம் நடந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் போன், வங்கிப் பதிவுகளைப் பெற நீதிமன்ற ஆணை கேட்கப் பொலிஸாருக்கு அது வழி தருகிறது. “அந்தச் சட்டத்தின்கீழ் போன், வங்கி, பிரெஸ்ரோ பயண அட்டைப் பதிவுகள் கேட்டீர்களா?” என்று நேரே கேளுங்கள். கடைக் கமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும், பதினொரு நாளில் பல போயிருக்கும். மிச்சமிருக்கும் கடைகளில் ஏறி இறங்கி “அழிக்காமல் வையுங்கள், பொலிஸ் வரும்” என்று சொல்லி, கடைப் பட்டியலை அதிகாரிக்கு அனுப்புங்கள்.

பெயர்தான் நம்மவர்களிடம் அடிக்கடி சறுக்கும் இடம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், வேலையிடத்தில் கூப்பிடும் பெயர் வேறு, முகநூலில் இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதம். பொலிஸ் அறிக்கையில் ஒன்றும் சுவரொட்டியில் ஒன்றும் இருந்தால் தேடுகிறவருக்கு இரண்டு ஆட்கள். பொலிஸ் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலையே எங்கும் வையுங்கள், கூப்பிடும் பெயரைப் பக்கத்தில் சேருங்கள்.

படம் இரண்டு போதும். ஒன்று கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த, நேராகப் பார்க்கும் முகம். மற்றது உயரமும் உடற்கட்டும் தெரியும் முழு உருவம். கலியாண ஸ்ரூடியோவில் முகத்தை வெளுப்பாக்கி எடுத்த படம் வேண்டாம், தெருவில் ஆளை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி மங்கும். மின்னஞ்சலில் மூலப்படத்தை இணையுங்கள்.

செய்தி மேசைக்கு அரைப் பக்க ஆங்கில மடல் எழுதுங்கள். பெயர், வயது, உயரம், உடை, கடைசியாகக் கண்ட இடமும் நேரமும், முறைப்பாட்டு இலக்கம், ஏன் பயப்படுகிறோம் என்பதற்கு இரண்டு வரி, பேசக்கூடிய ஒருவரின் எண். காலையில் அன்றைய செய்திகளைப் பிரிப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும், அனுப்பிவிட்டுப் போன் எடுத்தும் கேட்க வேண்டும். “பதினொரு நாளாகிவிட்டது” என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி ஆகாது. “சனி காலை பத்து மணிக்கு இன்ன பூங்காவில் ஐம்பது பேர் தேடுகிறோம்” என்றால் கமராவை எங்கே அனுப்புவது என்று தெரியும். வெள்ளைப் பெண்ணுக்குக் கொடுத்தீர்களே என்று மடலைத் தொடங்காதீர்கள். கோபம் நியாயமானது, ஆனால் பிறகு செய்தி தம்பியைப் பற்றியதாக இராது, விவாதத்தைப் பற்றியதாகிவிடும். ஒரு கிழமைக்குப் பிறகும் அசையாவிட்டால், இரண்டு பேருக்கும் எத்தனை செய்தி, எத்தனை நாள் என்று எண்ணி ஆசிரியருக்கு அனுப்புங்கள். எண்ணிக்கையோடு வரும் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கேஸ் விடயம். கனடாவில் அகதி விசாரணை மூடிய கதவுக்குள் நடப்பது. ஊடக மடலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், ஊரில் உள்ள குடும்பத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆனால் சட்டத்தரணிக்கு இன்றே சொல்லுங்கள். விசாரணை நாளில் ஆள் வராவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்வதா என்று பார்க்க ஐந்து வேலை நாட்களுக்குள் தனி விசாரணை வைப்பார்கள். அங்கே பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம்தான் தம்பிக்காகப் பேசும். ஆகவே கேஸைப் பழுதாக்குவது சும்மா இருப்பதுதான்.

சுவரொட்டியில் உங்கள் சொந்த எண்ணைப் போடாதீர்கள். “ஆள் எங்களிடம், காசு அனுப்பு” என்று மிரட்டும் அழைப்புகள் வரலாம். பொலிஸ் எண்ணும் முறைப்பாட்டு இலக்கமும் போதும். மடலில் கொடுத்த எண்ணுக்கும் அப்படி அழைப்பு வந்தால் காசு அனுப்பாமல், வந்த நேரத்தைக் குறித்து அதிகாரியிடம் கொடுங்கள்.

தம்பி வந்து சேர்ந்ததும் செய்தி போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் எழுதி, பெயரையும் படத்தையும் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் முதலில் தேடிப் பார்ப்பது பெயரைத்தான்.