கொடியில் காய்ந்த துணிக்கு மட்டும் ஏன் அந்த வாசம்?

வெயிலில், கொடியில் காய்ந்த துணியில் வரும் மணத்தைத்தான் ‘வெயில் வாசம்’ என்கிறோம். சாயங்காலம் கிளிப்பைக் கழற்றி, விறைத்துப்போன துண்டை ஒரு உதறு உதறி முகத்தில் ஒற்றிப் பாருங்கள், அது ஒரு சுகம்!

ஈரத்துணியில் வெயில் படும்போது, காற்றும் சேர்ந்து, எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் உருவாகின்றன. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் ஒரு வாசம் வருமே, அதில் இருக்கும் பொருள்களில் ஒன்று இதிலும் உண்டு. கோபன்ஹேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் துண்டுகளை வெயிலிலும் வெளியே நிழலிலும் அறைக்குள்ளும் காயவைத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வெயில் பட்ட துண்டில்தான் இந்த மணம் சேர்ந்திருந்தது. அப்புறம், இது சோப்பின் வாசனை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் துண்டுகளை அலசியதோ வெறும் சுத்தமான தண்ணீரில்தான்.