‘நாட் டூ பேட்’ என்று சொல்லும் நோயாளி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மருத்துவப் பணியாளர்களுக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். இங்கே பேசும் ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. ஒன்பது முதல் ஐந்து வரை என்பதை ‘நைன் வைல் ஃபைவ்’ என்கிறார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு ‘நவ்ட்’ என்கிறார்கள். இவர்களுக்கே இலக்கணம் தெரியாது போலிருக்கிறது. முன்பின் அறியாத கிழவர்கள் என்னை ‘லவ்’ என்று அழைக்கிறார்கள். சக ஊழியர் ஒருவர் ‘டீ’க்கு அழைத்தார் என்று சாப்பிட்டுவிட்டுப் போனால், அங்கே முழு இரவுச் சாப்பாடு காத்திருந்தது. ‘நாட் டூ பேட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளியை மறுநாள் ஐ.சி.யு.வுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கொச்சைச் சொற்களைக் கற்க நல்ல புத்தகம் ஒன்றைச் சொல்வீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவில், இரவுப் பணி முடிந்து வந்து, தமிழில் இத்தனை நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டாகிறது. ஆனால் ஐ.சி.யு.வுக்குப் போன நோயாளிக்கு ஒரு வரியும் ‘டீ’ விருந்துக்கு அதைவிட நீண்ட வரியும் ஒதுக்கியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடலாம். ‘நவ்ட்’ என்பது பள்ளிக்கூட இலக்கணம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே வழங்கும் பழைய ஆங்கிலத்தின் வழிவந்த சொல். அதைப் பேசுகிறவருக்கு மொழி தெரியாது என்று முடிவுகட்ட உங்களுக்கோ எனக்கோ எந்த அருகதையும் இல்லை. யார்க்‌ஷயரில் ஆணை ஆணும் ‘லவ்’ என்று அழைப்பதுண்டு. நியூகாசிலில் ‘பெட்’ என்பார்கள், கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்பார்கள், கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. கிழக்கு லண்டன்காரர்கள் படிக்கட்டை ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்று இயைபு வைத்துச் சொல்வதெல்லாம் 1859இல் ஹாட்டன் தொகுத்த கொச்சை அகராதியிலேயே இருக்கிறது; அதை மனப்பாடம் செய்து உங்கள் வார்டில் ஒருவருக்கும் பயனில்லை.

நீங்கள் அஞ்ச வேண்டியது உங்களுக்குத் தெரியாத சொற்களைக் கண்டு அல்ல. ‘நாட்’, ‘டூ’, ‘பேட்’ ஆகிய மூன்றையும் நீங்கள் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள். ஆங்கிலேயர் ஒருவர், அதிலும் வயதானவர், தன் துன்பத்தைச் சொல்லும்போது அதை நாலில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் சொல்வார் என்பதை எந்தத் தேர்வும் உங்களுக்குக் கற்றுத் தரவில்லை.

கொரியப் போரைப் பற்றிச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கடிதம் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில், தம்மைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படையால் சூழப்பட்டிருந்தது குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு. நிலைமை எப்படி என்று அமெரிக்க மேலதிகாரி கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி ‘அ பிட் ஸ்டிக்கி’ (கொஞ்சம் சிக்கல்தான்) என்று பதில் சொன்னதாக அந்தப் போரின் வரலாறுகளில் எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு ஆங்கிலேயர் கேட்டிருந்தால் ‘எல்லாம் கைமீறிப் போய்விட்டது’ என்று விளங்கிக்கொண்டிருப்பார்; அமெரிக்கரோ, கொஞ்சம் சிரமம், சமாளித்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படைப்பிரிவில் 500 பேருக்கு மேல் சிறைபிடிக்கப்பட்டார்கள். அதற்கு இந்த ஒரு வாக்கியம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் இருவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மதுரைக்காரரான என் மருத்துவ நண்பர் ஒருவர் யார்க்‌ஷயரின் சுரங்க ஊர்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் தாமே நடந்து வந்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நெஞ்சு ‘அ பிட் டைட்’ என்று சொன்னாராம். சட்டை முழுவதும் வேர்வை. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு. ஏன் முன்பே ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’ என்றார் அந்த மனிதர். குறை சொல்லிப் புலம்பக் கூடாதாம். அந்த வட்டாரத்தின் கெல்லிங்லி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது 2015 டிசம்பரில்தான். அப்படிப்பட்ட சுரங்கங்களில் உழைத்தவர்களும் அவர்களுடைய மனைவியரும்தான் இன்று உங்கள் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் வேலை செய்த தலைமுறை அது; அவர்கள் வலியை மறைப்பது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல, உங்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதற்காக. அவர்களைப் பார்த்து இலக்கணம் தெரியாதவர்கள் என்கிறீர்கள்.

சுவாசம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பெண் போடும் ‘நியூஸ் 2’ அட்டவணையை நீங்கள் தினமும் நிரப்புகிறவர்தான். அது நோயாளியின் பேச்சைக் கேட்டு மயங்குவதில்லை. ஆனால் வலிக்கு மதிப்பெண் சொல்ல வேண்டியவர் நோயாளிதானே. பத்துக்கு மூன்று என்று அவர் சொன்னால் நீங்களும் மூன்று என்றே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறீர்கள். அங்கே நின்று இன்னொரு கேள்வி கேளுங்கள்: இரவு தூங்கினாரா, கழிப்பறைக்குத் தாமாக எழுந்து போக முடிந்ததா, நேற்று முழுதாகக் குடித்த தேநீரை இன்று ஏன் பாதியில் வைத்துவிட்டார் என்று. அவருடைய மகள் பார்க்க வந்தால் தனியே அழைத்து, ‘உங்கள் அப்பா வழக்கமாக இப்படித்தான் இருப்பாரா?’ என்று கேளுங்கள். புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.