வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியத்தில் இருப்பவர்கள், அங்கே பெரிய இந்துப் பண்டிகை வரும்போது என்ன செய்வார்கள்?

நேபாளத்தில் பால்பா மாவட்டம் தான்சேனில் 1954இல் தொடங்கிய மிஷன் மருத்துவமனை இருக்கிறது. அங்கே நான்கு வருடம் நர்ஸாக இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த தசைன் பண்டிகையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் நவராத்திரி சமயத்தில்தான் தசைன் வரும். ஆனால் விஜயதசமியோடு முடியாது, பௌர்ணமி வரை 15 நாள் நடக்கும். முதல் நாள் வீட்டுக்குள் இருட்டில் பார்லி விதைப்பார்கள். வெயில் படாததால் மஞ்சளாக முளைக்கும். அதற்கு ஜமரா என்று பெயர். முதல்முறை பார்த்தபோது எங்கள் ஊர் முளைப்பாரிதான் ஞாபகம் வந்தது. ஏழாம் நாளுக்குள் வார்டு பாதி காலியாகிவிடும். தையல் பிரிக்காதவர்கள்கூட, பத்தாம் நாள் பெரியவர்கள் நெற்றியில் வைக்கும் டீகாவுக்கு வீட்டில் இருக்கணும் என்று டிஸ்சார்ஜ் கேட்பார்கள். அப்புறம் பண்டிகைக்காகக் கட்டும் மூங்கில் ஊஞ்சலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட பிள்ளைகள் வருவார்கள்.

பத்தாம் நாள் டீகா. அரிசி, தயிர், சிவப்புப் பொடி குழைத்துப் பெரியவர்கள் நெற்றியில் வைத்து, ஜமராவைச் சூட்டி வாழ்த்துவார்கள். அந்த ஜமரா துர்க்கை பூஜையில் இருந்தது என்பதால் பல விசுவாசிகள் டீகா வாங்குவதில்லை. நானும் வாங்கவில்லை. முதல் வருடம் கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டேன். அது தப்பு. வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் பழம் வாங்கிக்கொண்டு நானே போய்த் தலை குனிந்து நின்றேன். அவர் டீகாத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கையைத் தலையில் வைத்து வாழ்த்தினார்.

எனக்கு இவ்வளவுதான் கஷ்டம். அங்குள்ள விசுவாசிகளுக்கு அப்படி இல்லை. அப்பா கையால் டீகா வேண்டாம் என்றால், அப்பாவே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் குடும்பம் எடுத்துக்கொள்ளும். 2017இல் நிறைவேறிய குற்றவியல் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை என்பதால், ஊரில் சந்தேகப் பார்வையும் உண்டு. வெளியூரிலிருந்து போகிற நாம் இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுக்குப் புத்தி சொல்லக் கூடாது. படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபை கேட்டதற்குப் பவுல் எழுதிய பதிலை நம் ஊரில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அங்கே சனிக்கிழமை ஆராதனையில் அதே பகுதியை வாசித்தபோது பலர் கண் கலங்கினார்கள். அவர்கள் வீட்டில் அந்த வாரமே தசைன் பூஜைக்கு ஆடு வெட்டப்போகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த நேபாளி நர்ஸ் ஒருத்தி, வருடா வருடம் பத்தாம் நாள் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போகாமலிருக்க அதுதான் வழி. மூன்றாம் வருடம் அவள் அப்பா பஸ் பிடித்து மருத்துவமனைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குவாளி. "கடையில் வாங்கின கோழிதான், பூஜையில் வைக்கவில்லை" என்றார். டூட்டி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.