சந்தைக்குப் போய் வந்து மெனு எழுதுங்கள்: வாரச் சமையல் கேள்வி பதில்

வாரச் சமையல், மளிகைச் செலவு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மதுரையில் எங்கள் வீட்டில் ஆறு பேர் சாப்பிடுகிறோம். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து வீட்டுக் கணக்கு என் கையில்தான்.

அக்கா, நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் மெனு எழுதுகிறேன். புதன்கிழமையே குலைந்துபோகிறது. வெள்ளிக்கிழமை பரோட்டா பார்சல். எங்கே தப்பு? (திருப்பூர்)

மெனுவை எழுதிவிட்டுக் காய் வாங்கப் போகிறீர்கள், அதுதான் தப்பு. வெண்டைக்காய்க் காரக்குழம்பு என்று எழுதிக்கொண்டு போனால், அன்றைக்கு வெண்டை முற்றிக் கிடந்தாலும், விலை ஏறிக் கிடந்தாலும் வாங்கித்தான் வருவீர்கள். எது மலிவோ, எது பிஞ்சாக இருக்கிறதோ அதை வாங்கிவந்து, பையைக் கூடத்தில் கொட்டி, காயைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.

நான் ஞாயிறு விடிந்ததும் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999-இல் தொடங்கியது. அன்றைய விலை பலகையில் இருக்கும், அதனால் பேரம் பேசத் தெரியாதவர்களும் தைரியமாகப் போகலாம். வீட்டுக்கு வந்ததும் எது முதலில் வாடும் என்றுதான் பார்ப்பேன். கீரை திங்களுக்குள் தீர வேண்டும். வெண்டை, கத்தரி, புடலை செவ்வாய், புதனுக்கு. கோஸும் கேரட்டும் வியாழன். சேனை, பூசணி, உருளையெல்லாம் கடைசிக்கு, அவை நமக்காகக் காத்திருக்கும்.

ஏழு நாளுக்கும் எழுதவும் வேண்டாம். ஐந்து போதும். ஒரு நாள் மிச்சம் மீதி தீர்க்க. இன்னொரு நாள் அலுப்புக்கு: ரசமும் சுட்ட அப்பளமும், இல்லையென்றால் தயிர்சாதமும் ஊறுகாயும். அலுப்பு எப்படியும் வரத்தான் போகிறது, அதற்கும் ஒரு நாளை விட்டுவைத்தால் பார்சல் தானாகக் குறையும். நாலு பேர் பரோட்டாவுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நாள் காய் வந்துவிடும் அம்மா.

மாவு பாக்கெட் வாங்குவது லாபமா, வீட்டில் ஆட்டுவது லாபமா? (தாம்பரம்)

எங்கள் தெருக் கடைக் கணக்கையே சொல்கிறேன். இட்லி அரிசி ஒரு கிலோ 45 ரூபாய், உளுந்து கால் கிலோ 35, ஒரு ஸ்பூன் வெந்தயம். எண்பது ரூபாய்ச் சொச்சத்தில் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கிறது. அதே கடையில் பாக்கெட் மாவு கிலோ 50. ரேஷன் புழுங்கலரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் குறையும், இட்லியும் நன்றாகவே வரும்.

மாவு இருக்கிற வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய லாபம். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை. நாலாம் நாள் புளிப்பு ஏறியதும் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஓரம் மொறுமொறுவென்று சிவந்து வரும்போது என் சின்ன மகன் அடுப்படியைவிட்டு நகரமாட்டான்.

ரேஷன் பருப்பு, பாமாயில் வாங்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். (விருதுநகர்)

கட்டாயம் வாங்குங்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வெளியில் எந்தக் கடையில் இந்த விலைக்குத் தருவார்கள்? பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டு எண்ணெயும் மஞ்சளும் போட்டு வேகவிடுங்கள், குழைந்துவிடும். பாமாயிலில் கெட்டிக் கொழுப்பு அதிகம். அதனால் அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றாமல் எப்போதாவது அப்பளம், வடை பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்க நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ இருக்கட்டும்.

மொத்தமாக வாங்கினால் மிச்சமாகுமா? ஆஃபர் நிறையப் போடுகிறார்களே. (கோயம்புத்தூர்)

பொருளைப் பொறுத்தது. போன வருஷம் ஒரு பெரிய கடையில் இரண்டு கிலோ ரவைக்கு ஒரு கிலோ இலவசம் என்றார்கள். வாங்கிவந்தேன். இரண்டு மாசம் கழித்து டப்பாவைத் திறந்தால் ரவை நூல் கட்டிக் கிடந்தது, புழு நெளிந்தது. சலித்துச் சலித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொடுத்தேன். மனசு ஆறவே இல்லை. மாவு, ரவை வகையெல்லாம் மாசத்துக்கு வேண்டிய அளவு மட்டும்தான்.

புளியும் வத்தலும் அப்படியில்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் வாங்கிவிடுவேன். கொட்டை எடுத்து, ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்பு தூவி மண்பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கெடாது.

வாரம் ஒரு நாள் கறி, மீன் இல்லாமல் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள். கட்டுப்படியாகவில்லை. (தூத்துக்குடி)

அளவைக் குறையுங்கள், நாளைக் குறைக்க வேண்டாம். அரைக் கிலோ கறியில் உருளையும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் ஆறு பேருக்குக் காணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். உங்கள் ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாசமும் முட்டைக்கு மாறுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, கோழி விலை இறங்கும். விரதம் இல்லாத வீடு என்றால் அதுதான் உங்கள் மாசம்.

ரூமில் தங்கியிருக்கிறேன், ஃபிரிட்ஜ் இல்லை. காய் இரண்டே நாளில் அழுகிவிடுகிறது. (சென்னை)

கால் கிலோவுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள் தம்பி. தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒன்றாகப் போடாதீர்கள். பருப்புப்பொடி, சுண்டைவத்தல், அப்பளம் இந்த மூன்றும் எப்போதும் இருக்கட்டும். காய் இல்லாத நாளிலும் வயிறாரச் சாப்பிடலாம்.

மளிகைக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கலாம், அக்கா? (சேலம்)

என் வீட்டுத் தொகையைச் சொன்னால் உங்களுக்கு உதவாது. ஒரு மாசம் எதையும் குறைக்காமல், எழுத மட்டும் செய்யுங்கள். நான் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய செலவை எழுதி, அடுப்படி ஆணியில் குத்தி வைப்பேன். மாசக் கடைசியில் முப்பது தாளையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அரிசியும் பருப்பும் பயமுறுத்தவில்லை. பாலுக்கு அடுத்தபடி பெரிய தொகை, சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய பஜ்ஜியும் பாக்கெட் தீனியும்தான். அன்று ராத்திரியே ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன்.