பெரிய வாடிக்கையாளர் தரத்தைக் குறைக்கச் சொல்கிறார். மறுத்தால் சம்பளம் கொடுக்க முடியாது. இந்த நிலையில் ஒரு சிறுதொழில் முதலாளி நேர்மையாக நிற்க முடியுமா?

உங்கள் கேள்வியின் விளக்கத்தில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் நேர்மை பார்த்தால் என்னை நம்பி இருப்பவர்கள்தானே பட்டினி கிடப்பார்கள்?" தொழிலில் எனக்குப் பங்காளியான என் அத்தான் இதே வார்த்தைகளை ஒருமுறை என்னிடம் கேட்டார். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் ஏதோ உணவுப் பொருள் செய்கிறீர்கள், உங்கள் சரக்கில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்கிறேன். பத்துப் பேருக்குப் பிரித்து விற்பவருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கழுத்தை நெரிக்காது.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கி, சுத்திகரித்து, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தி, பெட்டியில் தேனீ வளர்க்க ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து தொடர்ந்து வரும் தொழில் இது. எங்கள் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜனவரியை ஒட்டித் தொடங்கி மார்ச் வாக்கில் முடிந்துவிடும். வருஷம் முழுக்க விற்க வேண்டிய சரக்கு அந்தச் சில வாரங்களில் வந்து சேரும், அதற்கான பணமும் அப்போதே கையைவிட்டுப் போகும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. மலையோரத்தில் ரப்பர் தோட்டங்கள் சாய்ந்து கிடந்தன. தேன்பெட்டிகள் மரத்தடியில் நசுங்கின. அடுத்த சீசனில் வரத்துக் குறைந்து விலை ஏறியது. எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த வெளியூர்க் கம்பெனி பழைய விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே கேட்டது. அந்த விலைக்கு நல்ல தேன் கொடுக்க முடியாது என்பது அவர்களுடைய கொள்முதல் அதிகாரிக்கும் தெரியும். அவர் கலப்படம் செய்யச் சொல்லவே இல்லை. ஒரு போன் நம்பரைக் கொடுத்து, "இவருகிட்ட பேசுங்க, லேப்ல பிரச்சினை வராது" என்று மட்டும் சொன்னார். அந்த நம்பர்காரர் அனுப்பிய மாதிரிக் கேனில் இருந்தது அரிசியிலிருந்து எடுத்த சர்க்கரைப்பாகு.

லேபில் பிரச்சினை வராது என்றது பொய்யில்லை. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை கலந்தால் கார்பன் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். அரிசியும் பீட்ரூட்டும் வேறு வகைச் செடி என்பதால் அவற்றின் பாகு அந்தச் சோதனையில் தப்பித்துவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள், சுக்ரோஸ் 5 சதவீதத்துக்குள் என்பது போன்ற வரம்புகளுக்குள் நிற்கும்படி பாகைத் தயாரித்துவிடுகிறார்கள்.

அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாப்பிள, நாம வேண்டாம்னா அவன் வேற ஆளுகிட்ட வாங்குவான். கடையில வாங்கித் தின்னுறவனுக்கு ஒரு மாற்றமும் வராது. நம்ம அக்காமாருக்குத்தான் வேலை போவும்." பாட்டில் அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் அந்த அக்காமார்தான். அத்தான் கெட்டவர் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என்னைவிட முன்னால் போய் நிற்பவர். அவர் சொன்னதில் முதல் பாதியை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது. இரண்டாம் பாதிதான் என்னைக் குடைந்தது. ஏன் அக்காமாருக்குத்தான் வேலை போக வேண்டும்? அந்த நஷ்டம் முதலில் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தால் என்ன?

கம்பெனிக்குப் பதில் சொல்வதற்கு முன் அத்தானோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். தேன்காரர்களுக்குத் தர வேண்டிய சீசன் பாக்கி, கூலி, பாட்டில் கடைப் பாக்கி, பேங்க் ஓ.டி. (மிகைப்பற்றுக் கடன்) வட்டி, கடைசியில் எங்கள் இருவரின் பெயர். மேலிருந்து கீழே பணம் கொடுத்துக்கொண்டு வருவது, தீர்ந்துபோனால் கீழே இருப்பவருக்கு இல்லை. குடோன் கட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். அந்த வருஷம் நாங்கள் இருவரும் சம்பளம் எடுக்கவில்லை. என் வீடு என் மனைவியின் டீச்சர் சம்பளத்தில் நடந்தது. அதன்பிறகுதான் "இந்த விலைக்கு எங்களால் தேன் தர முடியாது" என்று ஒரு வரியில் மெயில் போட்டேன். அவர்களைக் குற்றம் சொல்லி எதுவும் எழுதவில்லை.

"உனக்கு விற்க மனை இருந்தது, வீட்டில் மாதச் சம்பளம் வந்தது, நீ பேசலாம்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். ஆமாம், இருந்தது. விற்க ஒன்றுமில்லாமல், வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது தலையாட்டிவிட்டவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அதற்கு எனக்கு உரிமை கிடையாது. ஆனால் மனையும் காரும் அப்படியே இருக்க, "என் தொழிலாளிகளுக்காகத்தான் செய்தேன்" என்று சொல்லிக் கலப்படம் செய்பவரைக் கட்டாயம் சொல்வேன். அவர் தன் சொத்தைக் காப்பாற்ற அந்தப் பெண்களைக் கேடயமாகப் பிடிக்கிறார்.

அக்காமாரிடம் எதையும் மறைக்கவில்லை. பெரிய ஆர்டர் போய்விட்டது, பாதி வேலைதான் இருக்கிறது என்று நேராகச் சொன்னோம். சிலரை நிறுத்த வேண்டியிருக்கும் என்றே நினைத்திருந்தேன். அவர்களே பேசி, ஆளை எடுக்க வேண்டாம், முறை வைத்து வருகிறோம் என்றார்கள். ஒரு சிலர் மட்டும் கூலி போதாமல் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு நான் வருத்தப்படலாமே தவிர, அவர்களைக் கோபிக்க முடியாது.

அருமனை, களியல் பக்கம் தேன்காரர்களைப் பார்க்கப் போனபோதுதான் எனக்கு நன்றாக உறைத்தது. வயதான ஒரு மாமாவிடம் நடந்ததை எல்லாம் உருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ நல்லவன்தான் மக்கா. பைசா எப்பம் வரும், அதைச் சொல்லு" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒக்கியில் பெட்டி போனது அவருக்கு. அந்த இடத்திலேயே தவணைத் தேதிகளை எழுதிக் கொடுத்தேன், எல்லோருக்கும் அப்படியே செய்தோம். அந்தத் தேதிகளில் ஒன்றும் தவறக் கூடாது என்பதற்காக மற்ற எல்லாச் செலவையும் தள்ளிப்போட்டோம். அடுத்த சீசனில் அவர்கள் வேறு வியாபாரியிடம் போகாமல் எங்களுக்கே ஊற்றினார்கள் என்றால் காரணம் அதுதான்.

மெயில் போனதும் அந்தக் கம்பெனி எங்களுக்குத் தர வேண்டிய பழைய பாக்கியை நிறுத்திவைத்தது. உங்களுக்கும் இது நடக்கலாம், தயாராக இருங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. தாமதித்தால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். நாங்கள் அப்போது சமாதான் என்ற தளத்தில் கொடுத்தோம். அசல் வந்தது, வட்டியை விட்டுக்கொடுத்தோம், இழுத்துக்கொண்டே போக எங்களுக்குத் தெம்பு இல்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் உங்களிடம் இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். சரக்கு இறக்கிய தேதியோடு ரசீதில் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: "நீங்களே தேனீக்குச் சீனிப்பாகு கொடுக்கிறீர்களே?" மழைக்காலத்தில் வெளியே தேன் கிடைக்காதபோது கூடு சாகாமல் இருக்கக் கொடுப்பது அது. சீசன் தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும், எங்கள் ஆட்கள் நிறுத்துகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

கேட்ட கேள்விக்கு இது வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேனைத் தண்ணீரில் விட்டுப் பார், தீக்குச்சியை முக்கிக் கொளுத்திப் பார் என்று வீடியோ போடுகிறவர்களால் எங்களுக்கு ஆகும் நஷ்டம் கொஞ்சமில்லை. கெட்டியான பாகும் தேன் மாதிரியே நேராக அடியில் போய் நிற்கும். ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். உறைந்த பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "சீனி கலந்திருக்கீங்க" என்று கடைக்காரர்கள் முன்னால் கத்துகிறார்கள். மனையை விற்று நல்ல தேன் கொடுத்தவனை நோக்கி அந்தச் சொல் வரும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 பிராண்டு தேனை ஜெர்மனி ஆய்வகத்தில், இப்படிப்பட்ட பாகையும் கண்டுபிடிக்கக்கூடிய என்.எம்.ஆர். சோதனைக்கு அனுப்பியதில் மூன்றுதான் தேறின என்று வெளியிட்டது. அத்தான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினார், கூடவே ஒரு வரியும் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஆர்டர் வந்து குவியவில்லை. சில்லறையாகக் கேட்டவர்கள் கூடினார்கள், அவ்வளவுதான். ஒக்கிக்கு முன் விற்ற அளவுக்கு நாங்கள் இன்றும் விற்கவில்லை. ஆனால் எந்த ஒருவருக்கும் மொத்தச் சரக்கில் கால் பங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம், அதை மட்டும் தளர்த்துவதில்லை.

உங்கள் வாடிக்கையாளருக்கு இன்றே பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் பட்டியலைப் போடுங்கள்: யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில். உங்கள் பெயர் கடைசியில் இருக்கட்டும். உங்கள் சொத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்த பிறகு அவரிடம் பேசுங்கள். தொகை இடித்தால், என்ன பொருள் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். சின்ன அளவில் வாங்குகிறவர்களை எப்படிப் பிடித்தோம் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.